ஒன்றரை மாத்திரை

என் தங்கை பார்வதிக்குச் சாமி வந்தது என்று எங்கள் தீவில், இந்தப் போ பசான் ஊரில் பாதிப் பேர் இன்றைக்கும் நம்புகிறார்கள். மீதிப் பேர் அவளுக்குப் பைத்தியம் என்கிறார்கள். இரண்டும் இல்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பத்து நாள் கூத்தை ஏற்பாடு செய்தவளே நான்தான்.

நான் தையல்காரி. கரோல் புயலுக்குப் பிறகு அரசாங்கம் கட்டிக்கொடுத்த இரண்டு அறை வீடு. முன் அறையில் மெஷின், பின் அறையில் படுக்கை. எனக்கு வாய் நீளம் என்று தெருவில் பேச்சு. புருஷனும் போய், பிள்ளையும் இல்லாமல் தனியாகப் பிழைக்கிறவளுக்கு வாயும் இல்லாவிட்டால் என்ன மிஞ்சும்? அந்த வாயால்தான் எல்லாம் கெட்டது என்பதை மட்டும் முன்னாலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பார்வதியைப் பாம்ப்ளமூஸில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை ராஜன் பீனிக்ஸில் பீர் தொழிற்சாலையில் லாரி ஓட்டுகிறவர். அதிகம் பேசாத மனிதர். முதலில் ஒரு பெண் குழந்தை. கோவிலில் வைத்த பெயர் சிவகாமி, எல்லோரும் கூப்பிடுவது சுசெத். இரண்டாவது ஆண் குழந்தை, செத்தே பிறந்தது. அதற்குப் பிறகு பார்வதி எழுந்திருக்கவில்லை. எழுந்தாலும் அவள் எழுந்ததாகச் சொல்ல முடியாது. தலை சீவாமல், சோறு கேட்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் மூன்று வயது சுசெத்தை பஸ் நிறுத்தத்தில் உட்கார வைத்துவிட்டு, அவள் பாட்டுக்கு நடந்து போய்விட்டாள். மூன்று மணி நேரம் கழித்து யாரோ ஒரு காய்கறிக்காரி குழந்தையைக் கொண்டுவந்து விட்டாள்.

அன்றைக்கே மாமியார் தீர்த்துச் சொல்லிவிட்டாள். "இவ நல்லாகற வரைக்கும் புள்ள என்கிட்ட. பைத்தியத்துக்கு கொம்பிரிமே முழுங்கறவகிட்ட என் பேத்திய விடமாட்டேன். மாத்திரை நிக்கட்டும், அப்பறம் பேசலாம்." அந்தக் கிழவியை நான் எத்தனை நாள் சபித்திருப்பேன் என்று கணக்கில்லை. இப்போது யோசித்தால் அவள் பயந்தது நியாயம்தான்.

அதற்கு முந்தின வாரம்தான் ரோஸ்-ஹில்லில் டாக்டர் ரெஜிஸ் அவளைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். டாக்டருக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று தங்கையை என்னோடு கூட்டிவந்தேன். ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்த மாத்திரை, இங்கே கொம்பிரிமே என்போம், ஒரு நாளைக்கு மூன்று. முதல் மூன்று வாரம் வாய் வறண்டு போனதுதான் மிச்சம். நான்காவது வாரம் ஒரு மத்தியானம் தட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, ரசத்துல உப்பே இல்ல," என்றாள். நான் அடுப்படிக்குப் போய்க் கதவை மூடிக்கொண்டு அழுதேன். ஐந்து மாதத்தில் அவள் சொன்ன முதல் குறை அது.

இரண்டு வருடம் கழிந்தது. அறுபத்தாறு நவம்பரில், இனிமேல் குறைக்கலாம் என்றார் டாக்டர். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். மாதத்துக்கு அரை மாத்திரை. நவம்பரில் இரண்டரை, டிசம்பரில் இரண்டு, ஜனவரியில் ஒன்றரை, அப்படியே ஏப்ரலில் ஒன்றுமில்லை. "என்னைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் மாதாம்," என்று அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார். டாக்டர்களுக்கு ஆளைத் தெரியும்.

மாத்திரையைச் சவர பிளேடால் பாதியாக நறுக்குவது என் வேலை. அதைத் தாங்குவது அவள் வேலை. ஒவ்வொரு முறை குறைத்ததும் ஒரு வாரம் படாத பாடு படுவாள். வியர்த்துக் கொட்டும், வயிறு புரட்டும், என்னென்னவோ கனவு வரும், கதவு சாத்தினால்கூட அழுவாள். அதற்கு 'அரை மாத்திரை வாரம்' என்று அவளே பெயர் வைத்திருந்தாள். ஈரத்துணியைப் பிடரியில் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, தைத்து முடித்த துணிகளில் ஓட்டுநூலைப் பிரித்துக் கொடுப்பாள். "பேசாத அக்கா, துணிய மட்டும் கொடு," என்பாள். எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் தெளிந்துவிடும். காலண்டரில் ஒரு கோடு போடுவாள். டிசம்பர் முடியும்போது அவளே சந்தைக்குப் போய் வந்தாள். சுசெத்துக்கு ஒரு கவுன் வெட்டினாள், அளவு தெரியாமல், குத்துமதிப்பாக.

எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அவள் தேறினால் காவடி எடுக்க வைக்கிறேன் என்று நான் முருகனுக்கு நேர்ந்திருந்தேன். தைப்பூசத்துக்கு மாமியாரும் குழந்தையோடு வருவதாக ராஜன் சொல்லி அனுப்பியிருந்தார். அன்றைக்கு அந்தக் கிழவியின் முகத்துக்கு நேராக, 'மாத்திரை நின்றுவிட்டது, பிள்ளையை விடு' என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு வெறி. ஏப்ரல் வரை யார் காத்திருப்பது?

சாக்கு தேடுகிறவளுக்குச் சாக்கு கிடைக்காமல் போகுமா? பக்கத்து வீட்டு பெர்னதெத் மருந்துக் கடையில் நிற்கிறவள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவளிடம் கேட்டேன். "இந்த கொம்பிரிமேல மாமிசம் ஏதாவது கலந்திருக்குமா?"

"மேல சக்கரைதான் மாதாம். ஜெலத்தீன் கொஞ்சம் இருக்கலாம், அது மாட்டு எலும்புலேர்ந்து எடுக்கறது. எனக்குச் சரியாத் தெரியல, தொக்தேரக் கேளுங்க," என்றாள்.

எலும்பு என்பது காதில் விழுந்தது. டாக்டரைக் கேளுங்கள் என்பது விழவில்லை.

காவடி விரதத்தை நாங்கள் கரேம் என்போம். பத்து நாள் மீன், முட்டை, இறைச்சி வாசனைகூட வீட்டில் கூடாது. சட்டி பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, பாயில் படுத்து, சுத்தமாக இருக்க வேண்டும். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் நான் மாத்திரை டப்பாவை எடுத்து மெஷின் டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

பார்வதி பார்த்துக்கொண்டிருந்தாள். "தொக்தேர ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்யலாமே அக்கா."

"ஞாயித்துக்கிழமையானா மாட்டுக்கறி தின்னுற மனுஷன், அவருக்கு நம்ம கரேம பத்தி என்ன தெரியும்?"

"இன்னும் மூணு மாசந்தான். நான் கோடு போட்டு வச்சிருக்கேன்."

"மாட்டு எலும்ப முழுங்கிட்டு முருகன் முன்னாடி நிக்கப் போறியா? உனக்குப் புள்ள வேணுமா வேணாமா?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் செத்துவிட்டது. "சரி," என்றாள். எலும்பு எல்லாம் வெறும் பேச்சு என்பது எனக்கு அப்போதே தெரியும். கடவுள் பெயரைச் சொன்னால் அவள் எதிர்த்துப் பேச மாட்டாள் என்பதும் தெரியும்.

முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. நான் பெருமையாகக்கூட இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் பாய் முழுக்க நனைந்திருந்தது, அப்படி ஒரு வியர்வை. சாப்பிட்ட வாழைக்காயை வாந்தியெடுத்தாள். இரண்டு வருடம் வறண்டு கிடந்த வாயில் இப்போது எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, துடைத்துத் துடைத்து உதடு புண்ணாகிவிட்டது. கண்ணை மூடினால் கனவில் குழந்தை அழுகிறது என்றாள். கை நடுங்கியது. அரை மாத்திரை வாரத்தில் நடுங்கும் நடுக்கம் இல்லை இது, தம்ளரைப் பிடிக்க முடியாத நடுக்கம்.

ஐந்தாம் நாள் சாயங்காலப் பூசை. கோவிலில் கூட்டம், கற்பூரப் புகை, மேளம். மேளச் சத்தம் ஏற ஏற அவள் தோள் ஆட ஆரம்பித்தது. பிறகு உடம்பே ஆடியது. வியர்வை வழிய, கண் மேலே செருக, அப்படியே மண்டியிட்டு விழுந்தாள். யாரோ "சாமி வந்திருக்கு" என்றார்கள். அவ்வளவுதான். பூசாரி ஓடிவந்து திருநீறு இட்டார். இரண்டு வருடம் இவளைப் பார்த்துத் தலையில் விரலைச் சுழற்றிக் காட்டின பெண்களெல்லாம் வரிசையில் வந்து காலைத் தொட்டார்கள்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் மருதை குனிந்து, "ஆத்தா, என் மவனுக்கு வேலை கிடைக்குமா?" என்று கேட்டார்.

பார்வதி நாக்கு குழற, "தண்ணி... தண்ணி..." என்றாள். பாவம், அவளுக்குத் தாகம்.

"தண்ணி தாண்டிப் போகணும்னு சொல்றா," என்று மருதை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த வாரமே மகனைப் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க அழைத்துப் போனார். அவன் இப்போது லண்டனில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறான், மாதா மாதம் கடிதம் வருகிறது. இதற்கு நான் என்னத்தைச் சொல்ல?

தண்ணீர் கேட்டவளுக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. நான் அவள் பின்னால் நின்று கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தங்கை காலில் விழுகிறார்கள் என்று எனக்கு நெஞ்சு பூரித்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

மறுநாள் அடுப்படியில் என் முந்தானையைப் பிடித்தாள். "அக்கா, அது சாமி இல்ல. எனக்குத் தெரியும். சாமி வந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது, ஆனா இது எப்படி இருக்கும்னு தெரியும். அரை மாத்திரை வாரந்தான், நாலு மடங்கா வந்திருக்கு. தலைக்குள்ள என்னமோ வெட்டி வெட்டி இழுக்குது. ஒன்னரை கொடு அக்கா. ஒன்னரை மட்டும்."

"இன்னும் நாலே நாளு. பல்லக் கடிச்சுக்க. இப்ப கொடுத்தா ஊரு முன்னாடி என் மானம் என்னாகறது?"

"என்னால முடியல."

"உன் புள்ளைக்காக முடியாதா?"

இரண்டாம் தடவையும் அதையே சொன்னேன். அவள் முந்தானையை விட்டுவிட்டாள். ஈரத்துணியைப் பிடரியில் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி நடக்கப் போனாள். சாவி என் இடுப்பில் இருந்தது.

காவடி அன்று நல்ல வெயில். ஆற்றில் குளித்து, காவடிக்குப் பூவும் தென்னங்குருத்தும் கட்டி, இரண்டு பக்கமும் பால் செம்பு தொங்கவிட்டு, செருப்பில்லாமல் தார் ரோட்டில் நடந்தோம். வழியெல்லாம் சுவர்களில் தீவுக்குச் சுதந்திரம் வேண்டும், வேண்டாம் என்று கரியால் எழுதியிருந்தார்கள். பார்வதி காவடியின் கீழே நடுங்கிக்கொண்டே நடந்தாள். ஆடிக்கொண்டு நடக்கிறாள் என்று மேளக்காரர்கள் அவளைச் சுற்றியே அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் அவள் கண்ணை மூடிமூடித் திறந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் மேளத்தை நிறுத்தச் சொல்லவில்லை.

கோவில் வாசலில் ராஜனும் அவர் தாயாரும் சுசெத்தும் நின்றிருந்தார்கள். ஊர்க்காரர்கள் அந்த அம்மாவின் காதில் முன்பே எல்லாம் ஓதியிருக்க வேண்டும். மருமகளின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நடுரோட்டில் விழுந்து கும்பிட்டாள். எழுந்தபோது அழுதுகொண்டிருந்தாள்.

பாலாபிஷேகம் முடிந்து, கோவில் முற்றத்தில் வாழையிலை போட்டுச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பார்வதி ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாமியார் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சுசெத்தை அவள் மடியில் வைத்தாள்.

"சாமியே வந்து எறங்கின உடம்பு. தடுக்க நான் யாரு? மாத்திரையும் நின்னுபோச்சாம், உங்க அக்கா சொன்னா. இன்னிக்கே வச்சுக்க. துணிமணிய ராஜன்கிட்ட அனுப்பறேன்."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டு வருட வைராக்கியம், ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. பார்வதி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

சுசெத் தாயின் விரலைப் பிடித்துப் பார்த்தாள். "அம்மா, ஏன் கை ஆடுது?"

பார்வதி குழந்தையின் தலையை முகர்ந்தாள். ரொம்ப நேரம் முகர்ந்தாள். பிறகு நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள்.

"அத்தை, அது சாமி இல்ல. மாத்திரைய ஒரேயடியா நிறுத்திட்டேன், அதுல வந்த நடுக்கம். நேத்து அடுப்புல சட்டிய வச்சுட்டு மறந்துட்டேன், கருகிப்போச்சு. இப்ப என் தலை என்கிட்ட இல்ல. நாளைக்கு மறுபடியும் மாத்திரை ஆரம்பிக்கணும். இவள இன்னிக்கு என்கிட்ட விடாதீங்க."

பக்கத்துப் பந்தியில் தலைகள் திரும்பின. நான் முந்திக்கொண்டேன். "விரதக் களைப்பு அத்தை, ஏதேதோ பேசறா. சாப்பிட்டா சரியாயிடும்."

பார்வதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் யார் என்று யோசிக்கிறவள் மாதிரி பார்த்தாள்.

மாமியார் எழுந்துவிட்டாள். பக்தியெல்லாம் முகத்தைவிட்டுப் போய் பழைய பயம் வந்திருந்தது. "கோவிலுக்குள்ள உக்காந்துகிட்டு சாமி இல்லங்கறா. இதுக்கு மேல பைத்தியம்னா வேற என்ன? வா சுசெத்."

பொய்யை ஒத்துக்கொண்டிருந்தால் புத்தி தெளிந்தவள். உண்மையைச் சொன்னதால் பைத்தியம். அப்படி ஒரு தீர்ப்பு அந்த முற்றத்தில் ஆனது. அதை மறுத்து ஒரு வார்த்தை சொல்ல அத்தனை நீள வாய் எனக்கு இருந்தது, அன்றைக்கு அது திறக்கவில்லை.

சுசெத் போகமாட்டேன் என்றாள். "நான் அம்மாகிட்ட இருக்கேன், அம்மாகிட்ட இருக்கேன்," என்று தாயின் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பார்வதிதான் அந்தப் பிடியைப் பிரித்தாள். அவள் கை நடுங்கியதால் ஒவ்வொரு விரலாகப் பிரிக்க நேரம் பிடித்தது. பிரித்து முடித்ததும் குழந்தையைப் பாட்டியின் பக்கம் தள்ளிவிட்டு, முகத்தைத் தூணில் வைத்துக்கொண்டாள். குழந்தையின் அழுகை பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்டது.

ராஜன் தாயோடு போகவில்லை. அந்த மனிதர் அன்றைக்கு என்னிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம். "டப்பா எங்க அக்கா?"

வீட்டுக்கு வந்து டிராயரைத் திறக்கப் போனேன். மூன்றாவது தடவைதான் சாவி பூட்டில் நுழைந்தது. ராஜன் டப்பாவை வாங்கி, ஒன்றரை மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்து நீட்டினார். பார்வதி விழுங்கினாள்.

"தப்பு என் மேலதான் பார்வதி," என்றேன்.

"தெரியும் அக்கா," என்றாள். "உன் மேல கோவப்படணும். இப்ப அதுக்குத் தெம்பில்ல."

மறுநாள் டாக்டர் ரெஜிஸ் என்னைத் திட்டவில்லை. திட்டாமல் இருந்ததுதான் பெரிய திட்டு. பழையபடி மூன்றுக்கே ஏற்றினார். இந்த முறை அரை இல்லை, கால் காலாகத்தான் குறைக்க முடியும், ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்றார். தாளை மடித்து ராஜன் கையில் கொடுத்தார். ராஜன் பீனிக்ஸில் ஒரு அறை பிடித்து அவளைக் கூட்டிப்போனார். போகும்போது அந்தக் குத்துமதிப்புக் கவுனை மறக்காமல் எடுத்துக்கொண்டாள். நடுவில் இரண்டு தடவை நான் பார்க்கப் போனேன். டீ கொடுத்தாள். மாத்திரை எத்தனையில் இருக்கிறது என்று கேட்டேன். "போயிட்டிருக்கு," என்றாள்.

சுதந்திரம் வந்து ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து, ரோஸ்-ஹில் சந்தையில் அவளைப் பார்த்தேன். சுவர்களில் ஒட்டின காகிதக் கொடிகள் மழையில் நைந்து கிடந்தன. கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள், பழைய பார்வதியைப் போல, குரலில் ஒரு காரத்தோடு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சுசெத், ஏழு வயதுப் பெண், முன்பல் விழுந்திருந்தது. எத்தனை நாளாகத் தாயோடு இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"பெரியம்மாவுக்கு வணக்கம் சொல்லு," என்றாள் பார்வதி. குழந்தை சொன்னது.

என் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். கண்ணில் புரை வந்திருப்பதாகச் சொன்னேன், பார்க்காமல் விடக்கூடாது என்றாள். மழை, கீரை விலை, பெர்னதெத் வீட்டுக் கல்யாணம் எல்லாம் பேசினோம். பீனிக்ஸ் பஸ் வந்தது. குழந்தையை முதலில் ஏற்றிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, "வரேன் அக்கா," என்று அவளும் ஏறினாள்.

எல்லாம் பேசினாள். வீட்டுக்கு வா என்று மட்டும் சொல்லவில்லை.